காசிமேட்டு முள்ளுவாளையைப் பார்த்து 13 அடி ஸிஃபாக்டினஸ் செய்வது எப்படி

முதல்ல ஒரு சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போங்க. தரையில 13 அடிக்கு நேரா ஒரு கோடு போடுங்க. அது பக்கத்துல நீங்க படுத்துப் பாருங்க. உங்க தலையும் காலும் போக இன்னும் ஒரு ஆளுக்கு மேல இடம் மிச்சம் இருக்கும். அதுதான் நாம மாடலா செய்யப் போற ஸிஃபாக்டினஸ்ங்கிற அழிஞ்சு போன மீனோட நீளம். இந்த அளவு மனசுல பதிஞ்ச பிறகுதான் மத்த வேலையெல்லாம்.

நான் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல பைபர் போட் ரிப்பேர் பண்றவன். 22 வருஷமா ரெசினும் கண்ணாடி இழை மேட்டும்தான் என் கையில. எங்க அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா. ஸ்கூல் கண்காட்சிக்கு அழிஞ்சு போன ஒரு கடல் மீன் செய்யணும்னு என்கிட்ட வந்தா. அவ கையில இருந்த படத்துல மீன் ஒரு ஜான்தான் இருந்துச்சு. "இவ்ளோ பெருசு செஞ்சா போதும் மாமா"ன்னா. நான் படத்துக்குக் கீழ இருந்ததைப் படிச்சேன். 13 அடி. "செஞ்சா அந்த அளவுலதான் செய்யணும்டா கண்ணு. இல்லன்னா அது வேற மீன் ஆயிடும்"னு சொன்னேன். இன்னிக்கும் அதையேதான் சொல்றேன். மேசை மேல வெக்கிற பொம்மையா செஞ்சா பிள்ளைங்க பார்த்துட்டு நகர்ந்து போயிடுவாங்க. முழு அளவுல செஞ்சா வாய்க்குப் பக்கத்துல வந்து நின்னுடுவாங்க.

எந்த மீன் இது

பேரு ஸிஃபாக்டினஸ். கிரெட்டேசியஸ்ங்கிற டைனோசர் காலத்தோட பின்பாதியில கடல்ல இருந்தது. டைனோசருங்க அழிஞ்ச அதே நேரத்துல, 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி, இதுவும் போயிடுச்சு. கதிர்த்துடுப்பு மீன் வகை. அது என்னன்னு பிள்ளைங்க கேட்டா ஒரு வஞ்சிரத்தோட துடுப்பை விரிச்சுக் காட்டுங்க. விசிறிக்குக் குச்சி இருக்கிற மாதிரி உள்ள வரிசையா முள்ளு ஓடும், நடுவுல சவ்வு இருக்கும். அந்தக் குச்சிங்கதான் கதிர். சுறாவுக்கு உடம்பு பூரா குருத்தெலும்பு. இதுக்கு மத்தி, வஞ்சிரம் மாதிரி நிஜ எலும்பு.

1870-ல ஜோசப் லெய்டின்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி பேரு வெச்சார். அப்போ அவர் கையில இருந்தது முழு மீன் இல்ல, செவுளுக்குப் பின்னாடி இருக்கிற மார்த்துடுப்போட ஒரே ஒரு முன் முள்ளு. அது கனமா, பட்டையா, வாள் மாதிரி இருந்ததால 'வாள் கதிர்'னு அர்த்தம் வர்ற பேரு. கொஞ்ச நாள்லயே எட்வர்ட் கோப்னு இன்னொருத்தர் நல்ல எலும்புக்கூடு கிடைச்சு போர்த்தியஸ்னு வேற பேரு வெச்சார். ரெண்டும் ஒரே மீன்னு பின்னாடி தெரிஞ்சது. முதல்ல வெச்ச பேருதான் செல்லும்ங்கிறது விஞ்ஞானிங்க விதி. அதனால ஒத்த முள்ளை வெச்சு லெய்டி வெச்ச பேரே நிலைச்சுது. மாடல்ல அந்த முள்ளை மட்டும் சின்னதா செஞ்சுடாதீங்க. மீனோட பேரே அதுலதான் இருக்கு.

இது நிறைய கிடைச்ச இடம் அமெரிக்காவுல கன்சாஸ். இன்னிக்கு அது நாட்டுக்கு நட்ட நடுவுல புல்வெளி, எந்தப் பக்கம் போனாலும் கடல் கிடையாது. அந்தக் காலத்துல வட அமெரிக்காவையே ரெண்டா பிளந்துக்கிட்டு வடக்கு தெற்கா ஒரு கடல் ஓடுச்சு. அதோட அடித்தரை இப்போ சுண்ணப் பாறையா நிக்குது. கண்ணுக்குத் தெரியாத பாசி உயிருங்களோட ஓடு கோடிக்கணக்குல படிஞ்சு உண்டான பாறை. நாம கோடு போடுற சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அது வேற. ஆனா இங்கிலீஷ்ல சாக்குன்னு பேரு வந்தது அந்த மாதிரி பாறையிலேர்ந்துதான்.

முள்ளுவாளை வாங்குங்க

நெட்ல ஸிஃபாக்டினஸ்னு தேடினா வர்ற படத்துல பாதி, சினிமாக்கு வரைஞ்ச பூதம் மாதிரி இருக்கும். அதைப் பார்த்து செய்யாதீங்க. எலும்புக்கூடு படம் ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க. அப்புறம் கையில பிடிச்சுப் பார்க்க ஒரு நிஜ மீன் வேணும். அதுக்கு முள்ளுவாளைதான் சரி.

பெல்ட் மாதிரி நீளமா தொங்குற சாதா வாளை இல்ல. முள்ளுவாளை வேற. வாய் மேல பார்த்து இருக்கும், கீழ்த்தாடை முன்னாடி துருத்திட்டு இருக்கும், கோரைப் பல்லு வெளிய தெரியும், வால் நல்லா பிளந்த வால். முள்ளு அதிகம்னு வாங்குறவங்க கம்மி. ஒரு காலத்துல விஞ்ஞானிங்களே இந்த முள்ளுவாளையையும் ஸிஃபாக்டினஸையும் ஒரே குடும்பம்னு நினைச்சாங்க. அப்புறம் எலும்பை நல்லா ஆராய்ஞ்சு பிரிச்சுட்டாங்க. முள்ளுவாளை மத்தி கூட்டத்தைச் சேர்ந்தது. ஸிஃபாக்டினஸோட கூட்டத்துல இன்னிக்கு ஒண்ணு கூட உயிரோட இல்ல. சொந்தம் இல்லைன்னாலும் சாயல் இருக்கு. நமக்கு வேண்டியது அந்தச் சாயல்தான்.

காசிமேட்டுக்கு மீன் வாங்க ஞாயித்துக்கிழமை போகாதீங்க, கூட்டத்துல நின்னு பார்க்க முடியாது. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், பெரிய போட்டு கடலுக்குப் போகாது, அப்போ மீனும் கம்மி, விலையும் ஏறிடும். சாதாரண நாள்ல விடியக்காலை போங்க. நான் போய் ஒவ்வொரு முள்ளுவாளையா வாயைத் திறந்து திறந்து பார்த்துட்டிருந்தேன். எனக்கு சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச ஆயா, "இன்னாடா, மீன் வாங்க வந்தியா, பல்லு புடுங்க வந்தியா"ன்னாங்க. விஷயத்தைச் சொன்னேன். பேசாம கூடைக்கு அடியில கை விட்டு ரெண்டடி இருக்கிற ஒண்ணை எடுத்துக் குடுத்தாங்க. "இத்த எட்த்துனு போ. வாய் கிழியாம கீது பாரு."

வாய் கிழியாத மீனா பார்த்து வாங்குங்க. அதுதான் முக்கியம்.

வீட்டுக்கு வந்ததும் முழுசா ஒரு பேப்பர் மேல படுக்க வெச்சு சுத்தி பென்சில்ல கோடு எடுத்துக்குங்க. முதுகுத் துடுப்பு எங்க ஆரம்பிக்குது, அடித்துடுப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு ஸ்கேல் வெச்சுக் குறிங்க. முதுகுத் துடுப்பு நடு உடம்பையும் தாண்டி வாலுக்குக் கிட்ட போயிருக்கும். ஸிஃபாக்டினஸுக்கும் அப்படியேதான். முதல் தடவை செய்யறவங்க எல்லாரும் முதுகுத் துடுப்பை சுறா மாதிரி நடு முதுகுல நட்டுடுவாங்க. அதோட மீன் கெட்டுது.

அப்புறம் தலையை மட்டும் வெட்டி எடுத்து, தளதளன்னு கொதிக்கிற தண்ணியில போடாம, கை பொறுக்காத சூட்டுல கால் மணி நேரம் ஊற வைங்க. சதை தானா விடும். பழைய டூத் பிரஷ்ஷால மெல்லத் தேய்ங்க. கொதிக்க விட்டா தாடை எலும்பு எல்லாம் தனித்தனியா கழண்டுடும், திருப்பிக் கோக்கிறது பெரும்பாடு. காய்ஞ்ச பிறகு அந்தத் தலையை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு வாயைத் திறந்து மூடிப் பாருங்க. மேல்தாடை எலும்பு பின்பக்கம் அகலமா, முன்பக்கம் குறுகலா ஒரு சின்னக் கத்தி மாதிரி இருக்கும். கீழ்த்தாடை நேரா இல்லாம முகத்தை நோக்கி மேல ஏறும். வாய் மூடியிருக்கும்போது உதட்டுக் கோடு தரைக்குப் படுத்த மாதிரி இருக்காது, ஏறக்குறைய நிமிர்ந்து நிக்கும். அக்கா பொண்ணு அதை ஒரு மணி நேரம் திறந்து மூடிக்கிட்டே இருந்தா. அதுக்கப்புறம் அவ வரைஞ்ச தலையில ஒரு கோடு கூட நான் திருத்தல.

ரெண்டு வித்தியாசத்தை மட்டும் மறந்துடாதீங்க. முள்ளுவாளை உடம்பு தட்டை, ஸிஃபாக்டினஸ் உடம்பு இன்னும் பருமன். முள்ளுவாளைக்கு மார்த்துடுப்பு சின்னது, ஸிஃபாக்டினஸுக்கு நீளமா, வயித்தை ஒட்டிக் கீழ இறங்கியிருக்கும்.

தரையில வரையறது

எலும்புக்கூடு படத்தை, மீன் மூக்கிலேர்ந்து வால் நுனி வரைக்கும் 26 சென்டிமீட்டர் வர்ற மாதிரி பிரிண்ட் எடுங்க. அது மேல 2 சென்டிமீட்டர் கட்டம் போடுங்க. நீளத்துல 13 கட்டம் வரும். மாடித் தரையில ஒரு அடிக்கு ஒரு கட்டம் போடுங்க. தச்சு வேலைக்காரங்க நூல் அடிக்கிற மாதிரி, நூல்ல சாக்பீஸ் தூள் தடவி ரெண்டு பேர் ரெண்டு முனையில இழுத்துப் பிடிச்சு நடுவுல சுண்டினா நேர் கோடு விழும். பேப்பர்ல ஒவ்வொரு கட்டத்துலயும் கோடு எங்க நுழையுது, எங்க வெளிய வருதுன்னு பார்த்து தரைக்கு மாத்துங்க. கணக்கே வேண்டாம். பத்து வயசுப் பிள்ளை செஞ்சுடும்.

எலும்பும் உடம்பும்

நாங்க படகு கட்டுற முறையேதான். ஒரு அடிக்கு ஒரு பிரேம். தரையில இருக்கிற ஒவ்வொரு குறுக்குக் கோட்டுலயும் மீன் எவ்வளவு உயரம்னு அளந்து, அந்த உயரத்துக்கு முட்டை வடிவத்துல அட்டை வெட்டுங்க. நடு உடம்புல என் மீனுக்கு 2 அடி உயரம், அகலம் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. அட்டைக்குக் காசு குடுக்காதீங்க. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ராத்திரி கடை மூடுற நேரத்துக்குப் போனா துணிக்கடை வாசல்ல பெட்டி பெட்டியா கிடக்கும். கேட்டு எடுத்துக்குங்க. ரெண்டு அட்டையை வரி ஒண்ணு நெடுக்க, ஒண்ணு குறுக்க வர்ற மாதிரி ஒட்டினா வளையாது.

முதுகெலும்புக்கு ஒன்னேகால் இஞ்ச் பிவிசி பைப். இதை ஒரே நீளமா விட்டுடாதீங்க. நான் முதல் தடவை அப்படித்தான் விட்டேன். செஞ்சு முடிச்ச மீன் மாடிப்படி திருப்பத்துல திரும்பல. மூணு நாள் உழைப்பை ரம்பம் வெச்சு ரெண்டு இடத்துல அறுத்தேன், அக்கா பொண்ணு பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தா, கண்ணுல தண்ணி. அறுத்த இடத்தை திரும்ப மூடவும் ரெண்டு நாள் ஆச்சு. அதனால ஆரம்பத்துலயே தலைப்பக்கம் 4 அடி, நடு உடம்பு 5 அடி, வால் 4 அடின்னு மூணு துண்டு. நடுவுல கப்ளிங் போட்டு, ஒட்டாம சொருகி எடுக்கிற மாதிரி விடுங்க. ஒவ்வொரு இணைப்புலயும் ரெண்டு பிரேம் முதுகோட முதுகு வரணும், அப்போதான் பிரிச்சாலும் உடம்பு வாய் பொளந்து நிக்காது.

பிரேம் எல்லாம் பைப்புல கோத்தாச்சுன்னா நெடுக்க மூங்கில் தப்பை ஓடணும். ஒரு பக்கத்துக்கு ஆறு போதும். வலை நூல்ல கட்டுங்க, சணல் ஈரம் பட்டா தளரும். நிஜ மீனுக்கு முதுகெலும்புக் கண்ணி 80-க்கு மேல. அவ்வளவும் செய்யத் தேவையில்ல. நாங்க வால்பக்கத்துல மட்டும் ஒரு அடிக்கு தோல் மூடாம விட்டு, உள்ள கண்ணியை களிமண்ணுல செஞ்சு வரிசையா காட்டினோம். ஒவ்வொரு கண்ணியோட பக்கவாட்டுலயும் ஆழமா பள்ளம் இருக்கணும், இந்த மீன் கூட்டத்தோட அடையாளம் அது.

பசை

சுவர்ல போஸ்டர் ஒட்டுற மைதா பசைதான் இதுக்கு. அவங்க பூச்சி வராம மயில்துத்தம் கலப்பாங்க. அது விஷம், பிள்ளைங்க கை வெக்கிற வேலைக்கு வேண்டவே வேண்டாம். ஒரு டம்ளர் மைதாவை ரெண்டு டம்ளர் பச்சைத் தண்ணியில கட்டி இல்லாம கரைங்க. நாலு டம்ளர் தண்ணி தனியா கொதிக்கட்டும். கரைச்சதை மெல்ல ஊத்திக்கிட்டே கிளறுங்க. வெள்ளையா இருக்கிறது கொஞ்ச நேரத்துல கண்ணாடி மாதிரி மினுங்கும். ஆடி மாசக் கூழு கரண்டியிலேர்ந்து விழுமே, அந்தப் பதம் வந்தா இறக்கிடுங்க.

பேப்பரை கத்திரியால வெட்டாம கையால கிழிங்க. கிழிச்ச ஓரம்தான் அடுத்த பேப்பரோட கலந்து போகும். ஒரு சுத்து நெடுக்க, அடுத்த சுத்து குறுக்க, மொத்தம் நாலு. ஒரு சுத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நல்ல வெயில்ல முழுசா காயணும். தட்டினா மேளம் மாதிரி சத்தம் வரணும். ஈரத்தோட அடுத்த சுத்து போட்டா உள்ள பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில ஆரம்பிக்காதீங்க.

தலை

காசிமேட்டுல மீன் பேக் பண்ற தெர்மோகோல் பெட்டி உடைஞ்சது நிறைய கிடக்கும். நல்லா கழுவிக் காய வெச்சு, அடுக்கி ஒட்டி, தலையைச் செதுக்குங்க. கண்ணு பெருசா இருக்கட்டும். இதுக்கு மேலயும் மைதா பேப்பர்தான். எங்ககூட இருந்த பையன் ஒருத்தன், பலமா இருக்கட்டும்னு ஆசைப்பட்டு மூக்கு மேல படகுக்குப் பூசுற ரெசினை பூசிட்டான். நான் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள மூக்கு உள்வாங்குது. ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைச்சுடும், வெல்லம் வெந்நீர்ல கரையற மாதிரி. மூக்கு இருந்த இடத்துல நாலு விரல் பள்ளம். ரெசினே இந்த வேலைக்குள்ள வர வேண்டாம். அந்த நாத்தமும் பிள்ளைங்களுக்கு ஆகாது.

பல்லுக்கு மூங்கிலை சீவி, உப்புத்தாள் போட்டு, கூம்பா ஆக்கி சொருகுங்க. சீவுறது பெரியவங்க வேலை. எல்லாப் பல்லும் ஒரே உயரத்துல சீப்பு மாதிரி வரக்கூடாது. ஒண்ணு விரல் நீளம், பக்கத்துல ஒண்ணு அதுல பாதி, அப்புறம் ஒரு சந்து. மீனுக்குப் பல்லு விழுந்து முளைச்சுக்கிட்டே இருக்கும், அதனால வரிசை ஏத்த இறக்கமாத்தான் இருக்கும். பெரிய பல்லு முன்பக்கம். கடைக்குப் போய் முள்ளுவாளைத் தலையை இன்னொரு தடவை பார்த்துட்டு வந்து சொருகினாலும் தப்பில்ல.

வயித்துக்குள்ள இருக்கிற மீன்

இதை விட்டுடாதீங்க. 1952-ல ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்னு ஒருத்தர் கன்சாஸ்ல 13 அடி ஸிஃபாக்டினஸ் ஒண்ணைத் தோண்டி எடுத்தார். அதோட விலா எலும்புக்குள்ள 6 அடி நீளத்துக்கு இன்னொரு மீன் முழுசா இருந்துச்சு. கில்லிகஸ்னு பேரு. செரிக்கக்கூட ஆரம்பிக்கல. அப்படின்னா முழுங்கின கொஞ்ச நேரத்துலயே பெரிய மீன் செத்துப் போய் கடலடிக்குப் போயிருக்கு. உள்ள போன மீன் துடிச்சதுல உள்ளுறுப்பு ஏதோ கிழிஞ்சிருக்கணும்னு சொல்றாங்க. அந்த ரெண்டு மீனும் இன்னும் ஒண்ணாவே ஹேஸ் ஊர்ல ஸ்டெர்ன்பெர்க் அருங்காட்சியகத்துல இருக்கு. நாம 13 அடின்னு எடுத்துக்கிட்டதே அந்த மீனோட அளவுதான். இந்த இனம் இன்னும் பெருசாவும் வளரும், 16, 17 அடி வரைக்கும்.

கில்லிகஸை அட்டையில தட்டையா செஞ்சா போதும். அதுக்குப் பல்லு ரொம்பப் பொடி, இல்லைன்னே சொல்லலாம், அதனால பல்லு வரையாதீங்க. நடு உடம்போட இடது பக்கத்துல மூணடிக்கு ஒரு கதவு வெட்டி, துணி ஒட்டிக் கீல் மாதிரி வைங்க. உள்ள வெக்கும்போது திசை பாருங்க. கில்லிகஸ் தலை பெரிய மீனோட வாலைப் பார்த்து இருக்கணும், வால் தொண்டைப் பக்கம். தலை முதல்ல உள்ள போயிருக்கு. எங்க கூடத்துல எல்லாரும் முதல்ல ரெண்டு மீனுக்கும் மூஞ்சியை ஒரே பக்கமாத்தான் வெச்சாங்க. மீன் வெட்டுற பொம்பளைங்களைக் கேட்டா சரியா சொல்லுவாங்க. வஞ்சிரம் வயித்தைக் கீறும்போது உள்ள முழு மத்தி கிடைச்சா அது பெரும்பாலும் தலை வஞ்சிரத்தோட வால் பக்கமா போயிருக்கும். செதிலும் துடுப்பும் பின்பக்கம் பார்த்துப் படுத்திருக்கு, வால் முதல்ல போனா தொண்டையில மாட்டும்.

வண்ணம்

முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. கடல்ல மேல்மட்டத்துல நீந்தி வேட்டையாடுற மீனுங்க பெரும்பாலும் அப்படித்தான் இருக்கு, அதனால அதை எடுத்துக்கிட்டோம். வயித்துக்கு கேட்டுக்கு அடிக்கிற அலுமினியம் பெயிண்ட். செதிலுக்கு ஒண்ணரை இஞ்ச் கண்ணி இருக்கிற பழைய வலையை உடம்பு மேல இறுக்கி விரிச்சு, அது மேல ஸ்பிரே அடிங்க. வலையை எடுத்ததும் தெரு பூரா பிள்ளைங்க கத்தினதை நான் மறக்க மாட்டேன். உள்பக்கமும் ஒரு கோட் அடிச்சுடுங்க, மைதாவுக்குக் கரப்பான் வரும்.

எழுதி வெக்கிற அட்டை

பேரு, காலம், கிடைச்ச இடம், நீளம். இந்த நாலும் பெரிய எழுத்துல. டைனோசர்னு எழுதாதீங்க, இது மீன். நம்ம ஊர் பங்குக்கு ஒரு வரி சேர்க்கலாம்: அதே கிரெட்டேசியஸ் காலத்துல நம்ம அரியலூரும் கடலுக்கு அடியிலதான் இருந்துச்சு, இன்னிக்கு சிமெண்ட்டுக்கு வெட்டுற சுண்ணாம்புக் கல்லுக்குள்ள அம்மோனைட்ங்கிற அழிஞ்சு போன கடல் உயிரோட சுருள் ஓடு கிடைக்குது, அரியலூர் பக்கத்துல வாரணவாசியில அதுக்குன்னே அருங்காட்சியகம் இருக்கு. அக்கா பொண்ணுகிட்ட கண்காட்சியில அதிகம் பேர் கேட்டது அதைப் பத்திதான்.

கொண்டு போறது, தொங்க விடுறது

ஆட்டோவுல ஏறாது. மூணு சக்கர மீன்பாடி வண்டி சொல்லுங்க. தலை ஒரு நடை, உடம்பும் வாலும் ஒரு நடை. துடுப்புங்களைக் கழட்டித் தனியா சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போங்க. தண்டையார்பேட்டை வரைக்கும் எங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு, ஏன்னா ஒவ்வொரு சிக்னல்லயும் வண்டிக்காரரை நிறுத்தி இது இன்னா மீன்னு கேட்டாங்க. அவரும் ஒவ்வொருத்தருக்கும் பேரைச் சொல்லிக்கிட்டே வந்தார்.

தொங்க விடும்போது பிவிசி பைப்பை மட்டும் நம்பாதீங்க. உள்ள ஒரு நைலான் கயிறு முழு நீளத்துக்கும் ஓடி, ரெண்டு இணைப்புக்குப் பக்கத்துலயும் மேல வந்து கட்டணும். உயரம், பிள்ளைங்க கண்ணு மட்டத்துக்கு வாய் வர்ற அளவு. வாயைத் திறந்தே வைங்க, கதவு பக்கம் சுவரைப் பார்க்காம கூடத்தைப் பார்க்கட்டும்.